துறைமுகப் பக்கம் ஒரு வீடு

கேள்வி: மனைவியுடன் நாலைந்து நாள் கல்முனைப் பக்கம் தங்கிக் கடலையும் மலையையும் பார்க்க ஆசை. ஒலுவில் துறைமுகத்தை ஒட்டி வீடெடுத்தால் நல்லதா?

பதில்: துறைமுகம் என்றதும் கப்பல்களை நினைத்துவிடாதீர்கள். 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் வாயை மணல் அடைத்தது; வடக்கே கரையோரத் தென்னைகளைக் கடல் தின்றது. கலங்கரை விளக்கமும் அலைத்தடுப்புக் கற்களும் பார்க்கத் தக்கவைதான். ஆனால் தங்குவதற்கு நிந்தவூர், அட்டாளைச்சேனைப் பக்கம் குசினியுள்ள மேல்மாடி வீடு கேளுங்கள். விடியவே கரைக்குப் போனால் அப்போதே பிடித்த மீன் கிடைக்கும். ஆணம் நீங்களே வைக்கலாம். எருமைத் தயிரை மறந்துவிட வேண்டாம்.

மலைக்கு முன் இங்கினியாகலை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர்த்தேக்கமான சேனாநாயக்க சமுத்திரம் அங்கேதான். மார்ச் முதல் ஜூலை வரை படகேறினால், தீவுக்குத் தீவு நீந்தும் யானைகளைக் காணும் வாய்ப்பு உண்டு. துதிக்கை நீருக்கு மேலே தெரியும். இதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

அக்கரைப்பற்று, பொத்துவில் வழியாக அறுகம்பே போய் அன்றே திரும்பலாம். எல்ல மலைக்கு அப்படி ஓடாதீர்கள். மொனராகலை வழியாகப் போய் ஓர் இரவு தங்குங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை எங்கள் கரையோரத்தில் அடைமழை, தவிர்த்துவிடுங்கள். அறுகம்பேயின் நீச்சலுடை எங்கள் ஊர்க் கடற்கரைகளுக்குச் சரிவராது. வெள்ளி நண்பகல் ஜும்ஆ நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும். சாப்பாட்டை முன்பே வாங்கிவையுங்கள்.