முதுகுப்பையும் இயற்பியலும்

மலைப்பாதையில் பல நாள் நடப்போர் உணவு, உடை, கூடாரம் யாவற்றையும் முதுகிலேயே சுமக்கின்றனர். பை பொருந்தாவிடில் தோள் வலிப்பதோடு நில்லாது. வார் நரம்பை அழுத்திக் கை மரத்துப்போவதும் உண்டு. நல்ல பையைத் தேர்ந்தெடுக்க, வகுப்பில் நாம் கற்ற இரண்டு கருத்துகளே போதும்.

முதலாவது, அழுத்தம். ஒரே விசையைத் தாங்கும் பரப்பு மும்மடங்கானால் அழுத்தம் மூன்றில் ஒரு பங்காகும். ஆகவே 2 செ.மீ. வாரைவிட 6 செ.மீ. அகலமுள்ள, மெத்தையிட்ட வாரே நன்று. தலைச்சுமை தூக்கும் நம் தாய்மார் சும்மாடு வைப்பதும் இதனாலன்றோ! இடுப்புப் பட்டையும் இன்றியமையாதது. அது சுமையின் பெரும்பகுதியை வலிய இடுப்பெலும்புக்கு மாற்றிவிடும்.

இரண்டாவது, திருப்புத்திறன். 12 கிலோகிராம் பையின் எடை ஏறத்தாழ 118 நியூட்டன். அதன் ஈர்ப்பு மையம் முதுகிலிருந்து 10 செ.மீ. தள்ளியிருந்தால் திருப்புத்திறன் 11.8 நியூட்டன் மீட்டர், 20 செ.மீ. எனில் இருமடங்கு. அதைச் சமன்செய்யவே உடல் முன்னோக்கிக் குனிகிறது. எனவே முதுகோடு ஒட்டி நிற்கும் பையே சிறந்தது. கனமான பொருள்களையும் முதுகை ஒட்டியே அடுக்குக.

அளவு பார்க்கும்போது ஆளின் உயரத்தை நம்பலாகாது. கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை அளந்து, அந்நீளத்துக்கு ஏற்ற பையைக் கேளுங்கள். கடையிலேயே சுமையேற்றி நடந்து பாருங்கள். விலையைக் கேட்குமுன் முதுகை அளப்போம்!