காசுக்கடை வைத்த கவிராயர்



சரக்கெடுக்கப் பாரிமுனைக்குப் போகும் நம்மவர்கள் தேவராஜ முதலித் தெருவில் உள்ள சென்னகேசவப் பெருமாள் கோயிலை அறிவீர்கள். பருப்பு, மிளகாய் எடுக்க ஸ்ரீபெரும்புதூரிலிருந்து போன காலத்தில் நானும் அந்த வாசலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் மண்டிக்குள் நுழைவேன். பழைய கோயிலைக் கும்பெனியார் 1757ல் இடித்தார்கள். அதற்கு மாற்றாக இதைக் கட்ட முன்நின்றவர் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். கவர்னர் பிகட்டிடம் துபாஷாக இருந்தவர். கும்பெனி 1,173 வராகன் கொடுத்தது. இவர் தம் கையிலிருந்து கொடுத்தது 5,202 வராகன்.

இந்த முதலியார் ஆதரித்த ஒரு பாடலாசிரியரின் வரவு செலவைத்தான் இம்மாதம் பார்க்கப் போகிறோம். இராம நாடகக் கீர்த்தனை பாடிய சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711-1779) அவர். தமிழிசை மூவரில் ஒருவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் கடை வைத்துப் பிழைத்தவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பிறந்த ஊர் தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் தில்லையாடி. தருமபுர ஆதீனத்தில் படித்தார். முப்பது வயதில் திருமணம் செய்துகொண்டு, குடும்பம் நடத்தக் காசுக்கடை வைத்தார் என்று அவர் வரலாறு கூறுகிறது. காசுக்கடை என்றால் நாணயம் மாற்றுவதும் பொன் வாங்கி விற்பதும். அந்தத் தொழிலுக்கு அந்த ஊர் நல்ல இடம். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் தாமே காசு அடித்தார்கள். காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கையில். உள்நாடு தஞ்சை மன்னருடையது. சென்னையிலோ ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு என்று தனிக் கணக்கு. எடையும் மாற்றும் பார்க்கத் தெரியாதவன் இந்தக் கடையில் ஒரு வாரம் தாக்குப்பிடிக்க முடியாது.

ஒருமுறை பொன் கொள்முதலுக்காகப் புதுச்சேரிக்குப் போகிறார். வழியில் சீர்காழியில் தருமபுர மடத்தைச் சேர்ந்த இடத்தில் தங்குகிறார். அங்கே அதிகாரியாயிருந்த சிதம்பரம் பிள்ளை கேட்டுக்கொள்ள, சீர்காழிப் பள்ளு பாடிக் கொடுத்தார். பிறகு அவர் ஆதரவில் குடும்பத்தோடு சீர்காழியிலேயே குடியேறினார். எனக்குப் பிடித்தது என்னவென்றால், பாட்டைக் கொடுத்துவிட்டு மனிதர் கொள்முதலை விடவில்லை. புதுச்சேரிக்குப் போய்விட்டுத்தான் திரும்பினார்.

பாட்டு விற்பது எப்படிப்பட்ட வியாபாரம் என்று யோசித்துப் பாருங்கள். சரக்கு முதலில் போய்விடும். விலையைச் சொல்வது வாங்குகிறவர். ரசீது கிடையாது, பாக்கி என்று கேட்கவும் முடியாது. கடை வரும்படி இருந்தவருக்குத்தான் அவசரப்படாமல் பாட முடியும் என்பது என் அபிப்பிராயம்.

இராம நாடகத்தை முடித்தபோது அவருக்கு அறுபதை ஒட்டிய வயது. சாஹித்தியம் அவருடையது, மெட்டமைத்துப் பாடியவர்கள் சட்டநாதபுரத்துச் சீடர்களான வெங்கடராமையரும் கோதண்டராமையரும். அரங்கேற்றம் ஸ்ரீரங்கத்தில். பரிசுக்குத் தஞ்சை மன்னர் துளஜாஜியை அணுகியபோது, போர் நெருக்கடியில் இருந்த அவர் மணலி முதலியாரைப் பார்க்கச் சொன்னார் என்பது செவிவழிச் செய்தி. அன்றைய நிலைமைக்கு அது பொருந்துகிறது. 1771ல் நவாபின் படையும் கும்பெனிப் படையும் தஞ்சைமேல் வந்தன. 1773ல் கோட்டையே போயிற்று, மன்னர் சிறைப்பட்டார். 1776ல்தான் அரசு திரும்பக் கிடைத்தது. பணம் அரண்மனையை விட்டுச் சென்னைப் பட்டணத்துத் துபாஷ்கள், வர்த்தகர்கள் கைக்கு நகர்ந்துகொண்டிருந்த காலம் அது. முதலியார் கவிராயருக்கு வேண்டிய மரியாதை செய்தார்.

இதைப் படிக்கையில் என் பேரேட்டில் ஒரு பக்கம் நினைவுக்கு வந்தது. ஒரகடம் பக்கம் ஆலைகள் பெருகிய பின் நமக்குப் பெரிய வாடிக்கை கேன்டீன் ஒப்பந்தக்காரர்கள்தான். சில வருஷங்களுக்கு முன் அப்படி ஒருவருக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் முழுக்க என் கிடங்கிலிருந்தே போயிற்று. ஆலையில் ஷிப்டைக் குறைத்தார்கள். அவர் போனை எடுப்பதை நிறுத்தினார். அந்தப் பாக்கி இன்னும் நேராகவில்லை. பத்தாயிரமும் எட்டாயிரமுமாகச் சில்லறைக் கடைக்காரர்கள் கட்டிய ரொக்கத்தை வைத்துத்தான் அந்த மாதம் மண்டிக்காரருக்குப் பதில் சொன்னேன். மூன்று வருஷமாக அவர்களுக்குச் சரக்கைத் தாமதப்படுத்தி, முதல் லோடை கேன்டீனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவன் நான்.

கவிராயருக்குப் பின் அவர் பாடல்களை எத்தனையோ பேர் புத்தகமாக அச்சிட்டு விற்றார்கள். சீடர்கள் போட்ட மெட்டு வழக்கொழிந்தபோது அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் சில பாடல்களுக்குப் புது மெட்டுப் போட்டார். இன்றும் கச்சேரிகளில் கேட்கிறோம். 1957 காப்புரிமைச் சட்டப்படி இப்போது ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. கவிராயர் காலத்தில் அப்படி ஒரு சட்டமே இல்லை.