ஹார்ட் டிஸ்க்கில் இடம் இல்லையா? முதலில் சுத்தம், பிறகு டிபிராக்!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லாமே வேகமாக நடக்கும். ஓராண்டு கழித்துப் பாருங்கள். 'திஸ் பிசி'யைத் திறந்தால் சி டிரைவின் நீலக் கோடு சிவப்பாக மாறியிருக்கும். பைல் ஒன்றைத் திறந்துவிட்டு, காபி போட்டுக் குடித்துவிட்டு வரலாம் என்ற நிலை ஏற்பட்டிருக்கும். உடனே நண்பர்கள் சொல்லும் ஆலோசனை, "தேவையில்லாததை அழி, டிபிராக் செய்" என்பதுதான். ஆலோசனை சரிதான். ஆனால் எதை முதலில் செய்வது, எதை அழிக்கவே கூடாது, இரண்டுக்கும் நடுவில் ஏன் சில நாட்கள் பொறுத்திருக்க வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. அவற்றை இங்கு பார்க்கலாம். இதற்குத் தனியாக எந்த சாப்ட்வேரும் வாங்க வேண்டாம். தேவையான அனைத்தும் விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டிலும் உள்ளன.

வாங்கியது 500, காட்டுவது 465

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். 500 ஜிபி டிஸ்க் வாங்கினால் விண்டோஸ் 465 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஒரு ஜிபி என்பதை 100 கோடி பைட்டாகக் கணக்கிடுகின்றனர். விண்டோஸ் அதனை 107,37,41,824 பைட்டாகக் கணக்கிடுகிறது. அதனால் 1 டிபி டிஸ்க்கும் 931 ஜிபி எனத் தெரியும். இந்த வித்தியாசத்தை எந்த சுத்தம் செய்யும் புரோகிராமும் மீட்டுத் தர முடியாது.

உங்களிடம் இருப்பது எந்த வகை டிஸ்க்?

எல்லாவற்றுக்கும் முன் இதனைத் தெரிந்து கொள்ள வேண்டும். ஸ்டார்ட் மெனுவின் தேடல் கட்டத்தில் டிபிராக் என ஆங்கிலத்தில் டைப் செய்திடவும். 'டிபிராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' என்ற வரி கிடைக்கும். அதில் கிளிக் செய்தால் வரும் விண்டோவில் 'மீடியா டைப்' என ஒரு பிரிவு இருக்கும். அங்கு 'ஹார்ட் டிஸ்க் டிரைவ்' என்று இருந்தால் உள்ளே தட்டு சுழலும் பழைய வகை. 'சாலிட் ஸ்டேட் டிரைவ்' என்று இருந்தால் சுழலும் பாகம் எதுவும் இல்லாத எஸ்எஸ்டி வகை. இப்போது விற்கப்படும் லேப்டாப்களில் பெரும்பாலும் எஸ்எஸ்டிதான். இடம் ஒதுக்கும் வேலை இரண்டுக்கும் பொது. டிபிராக் வேலை ஹார்ட் டிஸ்க்குக்கு மட்டுமே.

பஸ்ஸும் கண்டக்டரும்

பிராக்மென்ட் ஆவது என்றால் என்ன? ஒரு டவுன் பஸ்ஸை நினைத்துக் கொள்ளுங்கள். ஸ்டாப்புக்கு ஸ்டாப் ஆட்கள் இறங்குவதால் அங்கொன்றும் இங்கொன்றுமாக சீட்டுகள் காலியாகின்றன. அடுத்து ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பம் ஏறுகிறது. சேர்ந்தாற்போல் இடம் இல்லை. கிடைத்த சீட்டுகளில் பிரிந்து உட்காருகின்றனர். இப்போது ஆறு பேரையும் பார்த்து டிக்கெட் கொடுக்கக் கண்டக்டர் முன்னும் பின்னும் நடந்தாக வேண்டும்.

டிஸ்க்கிலும் இதுதான் நடக்கிறது. விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎப்எஸ் அமைப்பில், டிஸ்க்கின் இடம் பொதுவாக 4 கேபி அளவுள்ள சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பைல்களை அழிக்கும்போது ஆங்காங்கே கட்டங்கள் காலியாகும். புதிய பெரிய பைல் அந்தக் காலி இடங்களில் துண்டு துண்டாக எழுதப்படும். அதைப் படிக்க, டிஸ்க்கின் ஹெட் ஒவ்வொரு துண்டாகத் தேடிப் போக வேண்டும்.

நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் டிஸ்க், ஒரு சுற்றுக்குச் சுமார் 11 மில்லி செகண்ட் எடுத்துக் கொள்கிறது. ஹெட் நகரும் நேரத்தையும் சேர்த்தால், ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போகச் சராசரியாக 15 மில்லி செகண்ட் என வைத்துக் கொள்ளலாம். 100 துண்டுகளாக உள்ள பைல் என்றால் அலைச்சலுக்கு மட்டும் ஒன்றரை செகண்ட். விண்டோஸ் தொடங்கும்போது இப்படிப் பல நூறு பைல்களைப் படிக்க வேண்டியிருப்பதால்தான் கம்ப்யூட்டர் திணறுகிறது.

டிபிராக் என்பது பிரிந்து உட்கார்ந்தவர்களை அருகருகே மாற்றி உட்கார வைப்பது. இதற்கு பஸ்ஸில் கொஞ்சம் காலி சீட் வேண்டும். நெரிசலான பஸ்ஸில் யாரையும் நகர்த்த முடியாது. 2001ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, டிபிராக் முழுமையாக நடக்க 15 சதவீத இடம் காலியாக வேண்டும் என்று கேட்டது இதனால்தான். இன்றும் அந்த அளவை மனதில் வைத்துக் கொள்வது நல்லது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கப் போகிறவரை இடம் மாற்றி உட்கார வைப்பதும் வீண் வேலை. எனவேதான் முதலில் சுத்தம், பிறகு டிபிராக்.

எஸ்எஸ்டியில் ஹெட் கிடையாது. எந்தக் கட்டத்தில் உள்ள தகவலும் உடனே கிடைத்துவிடும். அங்கு பைல்களை அடுக்கி வைப்பதால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. அதன் செல்களில் இத்தனை முறைதான் எழுத முடியும் என்ற வரம்பு உண்டு என்பதால், வீணாக எழுதுவது அதன் ஆயுளைத்தான் குறைக்கும். எஸ்எஸ்டிக்கு விண்டோஸ் 'டிரிம்' என்ற வேறு பராமரிப்பைத் தானே செய்து கொள்கிறது. வெளியிலிருந்து டிபிராக் புரோகிராம் எதையும் அதில் இயக்க வேண்டாம்.

அழிப்பதற்கு முன்: நான் செய்த தவறு

2019ல், கல்லூரியில் படித்துக் கொண்டிருந்தபோது, சித்தப்பா வீட்டுக் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்தேன். டிஸ்க் கிளீனப் பட்டியலில் இருந்த எல்லாக் கட்டங்களிலும் டிக் செய்து ஓகே கொடுத்தேன். அப்போதைய விண்டோஸ் 10ல் அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' போல்டரும் ஒரு வரியாக இருந்தது. நான் படித்துப் பார்க்கவில்லை. நிறைய இடம் கிடைத்த மகிழ்ச்சியில் அப்படியே டிபிராக்கையும் ஓட விட்டேன். இரண்டு நாள் கழித்து சித்தப்பா போனில் கேட்டார்: "தாத்தா சதாபிஷேகப் படமெல்லாம் எங்கப்பா?" போட்டோகிராபர் அனுப்பிய படங்களை அவர் டவுன்லோட்ஸ் போல்டரிலேயே வைத்திருந்தார்.

பைலை அழித்தால் ஹார்ட் டிஸ்க்கில் அந்தத் தகவல் உடனே மறைவதில்லை. 'இந்த இடம் காலி' என்று குறித்து வைக்கப்படுகிறது, அவ்வளவுதான். அதன் மேல் வேறு தகவல் எழுதப்படும் வரை, மீட்புப் புரோகிராம்களால் அதை எடுக்க வாய்ப்பு உண்டு. டிபிராக் செய்வது என்ன? காலி என்று குறித்த இடங்களில் மற்ற பைல்களைக் கொண்டு வந்து எழுதுகிறது. மீட்க இருந்த வாய்ப்பை நானே அழித்திருந்தேன். பாதிக்கும் குறைவான படங்களே கிடைத்தன. அவற்றிலும் பல, கீழ்ப்பகுதி சாம்பல் நிறமாகவே திறந்தன.

நான் கற்றுக் கொண்டவை மூன்று. அழிக்கும் முன் முக்கியமானவற்றை வேறு ஒரு டிஸ்க்கில் காப்பி எடுத்து வைக்க வேண்டும். டிக் செய்யும் முன் ஒவ்வொரு வரியையும் படிக்க வேண்டும். அழித்த உடனே டிபிராக் செய்யக் கூடாது. ஒரு வாரமாவது பொறுத்து, எதையாவது காணோமா என வீட்டில் அனைவரிடமும் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு முதல் பாடம் இன்னும் முக்கியம். டிரிம் வேலை செய்வதால், அதில் அழித்ததை மீட்பது பெரும்பாலும் இயலாது.

இன்னொரு எச்சரிக்கை. சி டிரைவில் உள்ளதை டி டிரைவில் காப்பி செய்தால் அது பேக்கப் ஆகாது. பல கம்ப்யூட்டர்களில் இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரு பகுதிகள்தான். டிஸ்க் பழுதானால் இரண்டுமே போய்விடும். வெளியே எடுத்து வைக்கக்கூடிய எக்ஸ்டெர்னல் டிஸ்க் அல்லது பென் டிரைவில் காப்பி எடுக்கவும்.

இடம் ஒதுக்கும் வழிகள்

1. ரீசைக்கிள் பின்: இங்குள்ள பைல்களும் டிஸ்க்கில் இடம் பிடிக்கின்றன. உள்ளே என்ன இருக்கிறது என ஒரு முறை பார்த்துவிட்டு 'எம்ப்டி ரீசைக்கிள் பின்' கொடுக்கவும்.

2. டெம்பரரி பைல்கள்: செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் எனச் சென்று 'டெம்பரரி பைல்ஸ்' என்பதில் கிளிக் செய்திடவும். பட்டியல் கிடைக்கும். டெம்பரரி பைல்ஸ், தம்ப்நெயில்ஸ், விண்டோஸ் அப்டேட் கிளீனப் ஆகியவற்றைப் பயமின்றி டிக் செய்யலாம். 'டவுன்லோட்ஸ்' வரி இங்கும் இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடவும். பிறகு 'ரிமூவ் பைல்ஸ்' கிளிக் செய்திடவும்.

3. பழைய விண்டோஸ்: பெரிய அப்டேட்டுக்குப் பின் 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' என்ற வரி பல ஜிபி அளவில் தெரியலாம். இதனை அழித்தால் முந்தைய பதிப்புக்குத் திரும்ப முடியாது. புதிய பதிப்பு நன்றாக இயங்குகிறது என்று உறுதியான பின் அழிக்கலாம். அவசரம் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். பொதுவாகப் பத்து நாட்களில் விண்டோஸே அதனை நீக்கிவிடும்.

4. டவுன்லோட்ஸ் போல்டர்: இதை நீங்களே திறந்து பாருங்கள். 'சைஸ்' தலைப்பில் கிளிக் செய்து பெரிய பைல்களை மேலே கொண்டு வரவும். ஏற்கனவே இன்ஸ்டால் செய்துவிட்ட புரோகிராம்களின் செட்டப் பைல்கள், இரண்டு மூன்று முறை இறக்கிய ஒரே பைல் எனப் பல இருக்கும். தெரிந்தவற்றை மட்டும் அழிக்கவும்.

5. பயன்படுத்தாத புரோகிராம்கள்: இவற்றின் போல்டரை நேரடியாக அழிக்கக் கூடாது. செட்டிங்ஸ், ஆப்ஸ் பகுதிக்குச் சென்று 'அன்இன்ஸ்டால்' செய்யவும்.

6. வீடியோக்கள்: பெரும்பாலான வீடுகளில் அதிக இடம் பிடிப்பவை இவைதான். டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாமே பொதுவாக சி டிரைவில் உள்ளவைதான். டெஸ்க்டாப்புக்கு மாற்றுவதால் இடம் மிச்சமாகாது. டி டிரைவ் இருந்தால் 'கட்', 'பேஸ்ட்' மூலம் அங்கு மாற்றவும். மவுஸால் இழுத்து வேறு டிரைவில் போட்டால் காப்பிதான் ஆகும். பழைய பைல் அங்கேயே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தொடக் கூடாதவை

சி டிரைவில் 'விண்டோஸ்' போல்டருக்குள் சென்று எதையும் கையால் அழிக்காதீர்கள். அதில் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' என்ற போல்டர் பல ஜிபி இருப்பதாகத் தெரியும். ஒரே பைல் இரண்டு இடங்களில் எண்ணப்படுவதால், உண்மையான அளவு அதைவிடக் குறைவு. அதைக் குறைக்க மேலே சொன்ன 'விண்டோஸ் அப்டேட் கிளீனப்' சரியான வழி. ஹைபர்னேஷன் பைலும் பேஜ் பைலும் விண்டோஸின் தேவைக்கானவை. ஹைபர்னேஷனை நிறுத்தினால் 8 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டரில் சுமார் 3 ஜிபி கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அதனுடன் 'பாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியும் நின்று, ஹார்ட் டிஸ்க் உள்ள கம்ப்யூட்டர் தொடங்க அதிக நேரம் எடுக்கும்.

இனி டிபிராக்

ஒரு வாரம் ஆயிற்றா? எதுவும் காணாமல் போகவில்லையே? இப்போது தொடங்கலாம்.

டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' எனச் சத்தம் வந்தாலோ, பைல்கள் திறக்கும்போது அடிக்கடி பிழைச் செய்தி கிடைத்தாலோ டிபிராக் செய்யவே வேண்டாம். தேய்ந்த டிஸ்க்குக்கு அது கூடுதல் சுமை. முதலில் டேட்டாவைக் காப்பி எடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்றும் வழியைப் பாருங்கள். சந்தேகம் மட்டும் என்றால், டேட்டாவைக் காப்பி எடுத்த பின், டிரைவ் மீது ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ், 'செக்' எனச் சென்று சோதிக்கலாம்.

லேப்டாப் என்றால் சார்ஜரில் இணைக்கவும். திறந்துள்ள புரோகிராம்களை மூடவும். முன்பு பார்த்த 'ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' விண்டோவில் சி டிரைவைத் தேர்ந்தெடுத்து 'அனலைஸ்' கிளிக் செய்திடவும். எத்தனை சதவீதம் பிரிந்துள்ளது என்று தெரியும். 10 சதவீதத்துக்குக் கீழ் என்றால் விட்டுவிடலாம். மேலே என்றால் 'ஆப்டிமைஸ்' கிளிக் செய்திடவும். டிஸ்க்கின் நிலையைப் பொறுத்துச் சில நிமிடங்களிலும் முடியலாம். சில மணி நேரமும் ஆகலாம். இரவில் ஓட விடுவது வசதி. நடுவில் நிறுத்த வேண்டும் என்றால் 'ஸ்டாப்' பட்டன் உள்ளது. கரண்ட்டை அணைத்து நிறுத்த வேண்டாம்.

விண்டோஸ் இதனை வாரம் ஒரு முறை தானே செய்யும்படிதான் அமைக்கப்பட்டுள்ளது. ஆனால் கம்ப்யூட்டர் ஆன் செய்யப்பட்டு, சும்மா இருக்கும் நேரத்தில்தான் அது நடக்கும். வேலை முடிந்ததும் உடனே ஷட் டவுன் செய்யும் வீடுகளில் அதற்கு நேரமே கிடைப்பதில்லை. அதே விண்டோவில் கடைசியாக எப்போது நடந்தது என்ற தேதி இருக்கும். மாதக் கணக்கில் பழையது என்றால் நீங்களே ஒரு முறை இயக்குங்கள்.

இத்தனையும் செய்து பார்த்தும் 15 சதவீத இடம் கிடைக்கவில்லை என்றால், உங்கள் தேவைக்கு அந்த டிஸ்க் சிறியது என்று பொருள். அப்போது குடும்பப் படங்களில் எதை அழிக்கலாம் என்று உட்கார்ந்து தேட வேண்டாம். இன்னொரு டிஸ்க் வாங்கலாம். காசு கொடுத்தால் டிஸ்க் கிடைக்கும், படங்கள் கிடைக்காது.