பெயர் மாற்றம்

நுழையுமுன்

வண்டி வாங்குவது பெரியவர்களின் வேலை என்று எண்ணுகிறோம். ஆனால், வேற்று மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், அங்குள்ள மொழியையும் ஆங்கிலத்தையும் படிக்கத் தெரிந்தவர்கள் பிள்ளைகளே. அத்தகைய ஒரு வீட்டின் கதை இது.

பாடம்

புனே நகரின் கிர்க்கிப் பகுதியில் செல்வியின் குடும்பம் வாழ்ந்து வந்தது. அவள் எட்டாம் வகுப்பு மாணவி. தந்தை மின்பணியாளர். தருமபுரிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு முன் பிழைப்புத் தேடி வந்தவர். மராத்தியைத் தடையின்றிப் பேசுவார், படிக்க அறியார். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார்.

அவருடைய உழைப்புக்குத் துணையாக வாசலில் ஒரு நீல நிற மொபெட் நின்றது. முன்தளத்தில் கருவிப் பையும் பின்னிருக்கையில் கம்பிச் சுருளும் ஏற்றிக்கொண்டு அது பதினோர் ஆண்டுகள் ஓடியது. செல்வியை முதல் நாள் பள்ளிக்கு அழைத்துச் சென்றதும் அவ்வண்டியே.

மழைக்காலத்து ஞாயிறு ஒன்றில் தாயும் தந்தையும் காத்ரஜ் மலைச்சாலைக்கு அப்பால் இருந்த உறவினர் வீட்டிற்குப் புறப்பட்டனர். செல்வி வீட்டில் இருந்தாள். ஏற்றம் தொடங்கியதும் மொபெட் தளர்ந்தது. கைப்பிடியை முழுவதும் முறுக்கியும் அது மனிதர் நடக்கும் வேகத்திலேயே சென்றது. பின்னால் வந்த சரக்குந்து இடைவிடாமல் ஒலி எழுப்பியது. தந்தை ஓரம் ஒதுங்கினார். ஈரச் சரளையில் சக்கரம் வழுக்கியது. இருவரும் சாய்ந்து விழுந்தனர்.

உயிருக்குத் தீங்கில்லை. தாயின் முழங்கையில் மட்டும் தோல் உரிந்திருந்தது. வீடு திரும்பியதும் அவர் தலைக்கவசத்தை ஆணியில் மாட்டினார். அதன் பக்கவாட்டில் விரல் நீளத்திற்கு ஒரு கீறல் இருந்ததைச் செல்வி கண்டாள். அக்கீறல் எதில் விழுந்திருக்கும் என்று எண்ணியபோது அவள் உடல் நடுங்கியது.

"இது வண்டியின் குற்றமன்று, கண்ணு. எழுபது சி.சி. எஞ்சினிடம் இருவரைச் சுமந்துகொண்டு மலையேறச் சொன்னது என் குற்றம்" என்றார் தந்தை.

பெரிய வண்டி ஒன்று தேவை என்பது உறுதியாயிற்று. புது வண்டிக்குப் பணமில்லை. சீட்டு எடுத்த தொகை 32,000 ரூபாய் இருந்தது. ஆகவே, பழைய ஸ்கூட்டர் ஒன்றை வாங்க முடிவு செய்தனர்.

தெருமுனையில் பட்டறை வைத்திருந்த முதியவரைச் செல்வி 'காகா' என்று அழைப்பாள். மராத்தியில் அது சிற்றப்பனைக் குறிக்கும் சொல். அவர் சொன்னார்: "இரும்பைப் பார், புகையைப் பார், தாளைப் பார். தாளைக் கடைசியாகப் பார்ப்பவன்தான் ஏமாறுகிறான்." செல்வி அவரிடம் கேட்டுக் கேட்டுத் தன் குறிப்பேட்டில் ஒரு பட்டியல் எழுதிக்கொண்டாள்.

முதலில் பழைய வண்டி விற்கும் வணிகர் ஒருவரிடம் சென்றனர். அங்கே சிவப்பு ஸ்கூட்டர் ஒன்று கண்ணாடி போல் மின்னியது. விலை 27,000 ரூபாய். தந்தையின் கை அதன் இருக்கையைத் தடவிக்கொண்டே இருந்தது.

"இன்றே 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்தால் வண்டி உங்களுக்கு. மாலையில் வேறொருவர் வருகிறார்" என்றார் வணிகர்.

தந்தை சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

"அப்பா, ஆர்.சி.யை ஒருமுறை பார்த்துவிடலாமே" என்றாள் செல்வி.

வணிகர் தயங்கித் தயங்கி அட்டையை நீட்டினார். செல்வி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். உரிமையாளர் பெயர் வேறு எவருடையதோ. கீழே கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயரும் இருந்தது.

"இந்தக் கடன் தீர்ந்துவிட்டதா? தீர்ந்ததற்குக் கடிதம் இருக்கிறதா?" என்று அவள் மராத்தியில் கேட்டாள்.

"அதெல்லாம் பிறகு வரும், பாப்பா. பெயரையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றார் வணிகர்.

தந்தையின் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. ஆயினும் அவர் வெறுங்கையைப் பையிலிருந்து எடுத்தார். கடன் தீராத வண்டியைக் கடன் கொடுத்தவர் கைப்பற்றக்கூடும். அவருடைய ஒப்புதல் இன்றிப் பெயரையும் மாற்ற முடியாது. வழியில் செல்வி இதை விளக்கியபோது அவர் மறுமொழி கூறவில்லை. வீட்டு வாசலை அடைந்த பிறகு, "நல்ல வேளை, நீ உடன் வந்தாய்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் தம் ஸ்கூட்டரை விற்கிறார் என்று தெரியவந்தது. சாம்பல் நிறம், எட்டு ஆண்டுப் பழையது, பக்கங்களில் கீறல்கள். விலை 33,000 ரூபாய். அன்று காகாவும் உடன் வந்தார்.

அவர் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். அது குளிர்ந்திருந்தது. "முன்பே ஓட்டிச் சூடாக்கிய எஞ்சின் எளிதாகக் கிளம்பிவிடும். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை சொல்லும்" என்றார். பொத்தானை அழுத்தியவுடன் வண்டி கிளம்பியது. நீலப் புகை வரவில்லை. நீலப் புகை வந்தால் எஞ்சினுக்குள் எண்ணெய் எரிகிறது என்று பொருள். பின்னால் நின்று இரு சக்கரங்களும் ஒரே கோட்டில் உள்ளனவா என்று பார்த்தார். அவை விலகியிருந்தால் வண்டி எங்கோ மோதி வளைந்திருக்கலாம்.

செல்வி சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் உரக்கப் படித்தாள். அம்மையார் ஆர்.சி.யைக் கையில் வைத்து ஒவ்வோர் இலக்கமாக ஒத்துப் பார்த்தார். எல்லாம் பொருந்தின. ஆர்.சி.யில் அவர் பெயரே இருந்தது. கடன் குறிப்பு எதுவும் இல்லை. காப்பீடும் புகைச் சான்றும் நடப்பில் இருந்தன.

பின்சக்கர டயர் மட்டும் தேய்ந்திருந்தது. அதைக் கூறியதும் அம்மையார் 2,000 ரூபாய் குறைத்தார். தந்தை காகாவைப் பின்னால் அமர்த்தி அருகிலிருந்த மேம்பாலத்தின் ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தார். வண்டி முனகாமல் ஏறியது. பெயர் மாற்றத்திற்குரிய 29, 30 ஆகிய எண்களைக் கொண்ட படிவங்களில் இருவரும் கையொப்பமிட்டனர்.

இனி மொபெட்டை விற்க வேண்டும். தந்தையுடன் வேலை செய்த இளைஞர் ஒருவர் 9,000 ரூபாய்க்குக் கேட்டார். அவரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். நாள் கூலி 700 ரூபாய்.

"அண்ணே, பணத்தை இப்பொழுதே தருகிறேன். பெயரைப் பிறகு மாற்றிக்கொள்கிறேன். அந்த அலுவலகத்திற்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும்" என்றார் அவர்.

'பிறகு' என்ற சொல்லைக் கேட்டதும் செல்வி தந்தையை நோக்கினாள். இளைஞர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. 700 ரூபாய் அவருக்குச் சிறிய தொகையன்று. தந்தை சற்று நேரம் அமைதியாக இருந்தார்.

"தம்பி, பெயர் மாறாத வண்டி மோதினால் என்னைத் தேடி வருவார்கள். திருடு போனாலோ, வண்டி உன்னுடையது என்று நீ சொல்ல முடியாது. நீ பணம் கொடுத்தும் அது உனக்குச் சொந்தமாகாது. உன் ஒரு நாள் கூலியை விலையில் கழித்துக்கொள். நாளை நானும் உன்னுடன் வருகிறேன்" என்றார்.

மறுநாள் இருவரும் சென்று விண்ணப்பம் கொடுத்தனர். கிடைத்த 8,300 ரூபாயில் ஸ்கூட்டருக்குப் புதிய டயரும் தாய்க்குப் புதிய தலைக்கவசமும் வாங்கினர். ஒருமுறை அடிபட்ட தலைக்கவசம் மறுமுறை காக்கும் என்று நம்பக்கூடாது என்று காகா சொல்லியிருந்தார்.

சில வாரங்களில் ஸ்கூட்டரின் புதிய ஆர்.சி. அஞ்சலில் வந்தது. தந்தை அதைச் செல்வியிடம் நீட்டிப் படிக்கச் சொன்னார். உரிமையாளர் என்ற இடத்திற்கு வந்ததும் அவள் நிறுத்தினாள்.

"இதை நீங்களே படியுங்கள், அப்பா" என்றாள்.

தம் பெயரின் ஆங்கில எழுத்துகளை அவர் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். செல்வி காத்திருந்தாள். ஐந்தாம் எழுத்தில் மட்டும் அவள் உதவினாள்.

அறிந்துகொள்வோம்

• 'மொபெட்' என்பது மோட்டார், பெடல் ஆகிய இரு சொற்களின் முதற்பகுதிகள் சேர்ந்து பிறந்த சொல். தொடக்கக் கால மொபெட்டுகளை மிதித்தும் ஓட்டலாம்.

• இருவர் செல்லத்தக்க இந்திய மொபெட்டான டி.வி.எஸ். 50, தமிழ்நாட்டின் ஒசூரில் உருவாகி 1980ஆம் ஆண்டு வெளிவந்தது.

• மொபெட்டின் சக்கரம் பெரியது. ஸ்கூட்டரின் சக்கரம் சிறியது. எனவே, ஸ்கூட்டரில் செல்வோர் சாலைப் பள்ளங்களில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

• பழைய இருவீச்சு மொபெட்டில் பெட்ரோலுடன் எண்ணெய் கலப்பர். நால்வீச்சு ஸ்கூட்டரில் அவ்வாறு கலக்கக்கூடாது.

• மோட்டார் வாகனச் சட்டம், 1988இன்படி ஒரே மாநிலத்திற்குள் வண்டியை விற்றவர் 14 நாள்களுக்குள் அதைப் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும்.

• இருசக்கர வண்டியில் ஓட்டுபவருடன் ஒருவர் மட்டுமே செல்லலாம். 18 வயது நிறையாதவர் ஸ்கூட்டர் ஓட்டக்கூடாது. 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும் 16 வயதில் உரிமம் பெறலாம்.

சொற்பொருள்

சரளை – பருக்கைக் கல்
சரக்குந்து – லாரி
முன்பணம் – விலையில் முதலில் கொடுக்கும் பகுதி
செவிலியர் – நர்ஸ்
சேசிஸ் – வண்டியின் அடிச்சட்டம்
ஆர்.சி. – வண்டியின் பதிவுச் சான்று
இலக்கம் – எண்ணைக் குறிக்கும் குறி

இலக்கணம் அறிவோம்

'அடிபட்ட தலைக்கவசம்', 'ஓய்வுபெற்ற செவிலியர்' ஆகிய தொடர்களில் முதற்சொல் முடிவு பெறாமல் நின்று ஒரு பெயரைக் கொண்டு முடிகிறது. இது பெயரெச்சம்.

'தொட்டுப் பார்த்தார்', 'சாய்ந்து விழுந்தனர்' ஆகிய தொடர்களில் முதற்சொல் ஒரு வினையைக் கொண்டு முடிகிறது. இது வினையெச்சம்.

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. மராத்தியில் 'காகா' என்பது ________ குறிக்கும்.
2. எஞ்சினுக்குள் எண்ணெய் எரிந்தால் ________ நிறப் புகை வரும்.
3. மொபெட் வாங்கிய இளைஞரின் நாள் கூலி ________ ரூபாய்.

ஆ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. மலைச்சாலையில் நேர்ந்ததற்குத் தந்தை யாரைக் குறை கூறினார்?
2. சிவப்பு ஸ்கூட்டரின் ஆர்.சி.யில் செல்வி கண்டவை யாவை?
3. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிப் பார்ப்பது ஏன்?

இ. ஐந்து தொடர்களில் விடையளிக்க.
1. 'பிறகு' என்னும் சொல்லை இக்கதையில் யார் யார் கூறினர்? இருவருடைய நோக்கமும் ஒன்றா?
2. இளைஞரின் கூலியை விலையில் கழிக்கத் தந்தை முன்வந்தது ஏன்?

ஈ. பாடத்திலிருந்து மூன்று பெயரெச்சத் தொடர்களையும் மூன்று வினையெச்சத் தொடர்களையும் எடுத்து எழுதுக.

உ. செயல்பாடு
பெற்றோர் ஒப்புதலுடன் உங்கள் வீட்டு வண்டியின் ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று ஆகியவற்றைப் படித்துப் பாருங்கள். காப்பீடும் புகைச் சான்றும் முடியும் நாள்களைத் தமிழில் ஒரு தாளில் எழுதி வீட்டில் அனைவரும் காணும் இடத்தில் ஒட்டுங்கள்.