மூளை அலைகளும் இயற்கையின் தாளமும்

பகலும் இரவும், வளர்பிறையும் தேய்பிறையும், மழையும் வெயிலும் முறையாக வந்து போகின்றன. ஹோர்ட்டன் சமவெளியில் நெலு மலர்கள் ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலை நிறையப் பூக்கின்றன. 2013ஆம் ஆண்டு அவ்வாறு பூத்ததைப் பலர் கண்டு களித்தனர். இத்தகைய தாளம் மனித உடலுக்குள்ளும் உண்டு என்பதை விஞ்ஞானம் விளக்குகிறது.

தொட்டாற்சுருங்கி தந்த பாடம்

தோட்டத்துப் பாதையோரங்களில் தொட்டாற்சுருங்கியைக் காணாதவர் இல்லை. அது பகலில் இலை விரித்து, இரவில் மூடிக்கொள்ளும். 1729இல் பிரான்ஸ் நாட்டு அறிஞர் டி மெரான் இத்தகைய செடியொன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயில் படாதபோதும் அது உரிய வேளையில் இலை விரித்தது. செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருப்பதற்கு இதுவே முதற் சான்று.

மனித மூளையிலும் அத்தகைய கடிகாரம் இருக்கிறது. அது ஏறத்தாழ 24 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிக்கும். காலை வெளிச்சம் கண்ணில் படும்போது நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். உயிரணுக்களுக்குள் இக்கடிகாரம் இயங்கும் விதத்தைக் கண்டறிந்த அமெரிக்க அறிஞர் மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

மூளையின் அலைகள்

1924இல் ஜேர்மனிய வைத்தியர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையில் எழும் மிக நுண்ணிய மின் அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். மனம் வேலையில் ஈடுபட்டிருக்கும்போது செக்கனுக்கு 13 முதல் 30 வரையான பீட்டா அலைகள் எழுகின்றன. கண்மூடி அமைதியாக இருக்கும்போது 8 முதல் 13 வரையான அல்பா அலைகள் மேலோங்குகின்றன. ஆழ்ந்த உறக்கத்தில் நான்குக்கும் குறைவான டெல்டா அலைகள் மெதுவாக எழுகின்றன.

1961இல் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் ஆகியோர் யோகிகளின் மூளை அலைகளை ஆராய்ந்து வெளியிட்டனர். யோகிகள் இருவர் கடுங்குளிர் நீரில் 45 முதல் 55 நிமிடங்கள் கையை வைத்திருந்தனர். அப்போதும் அவர்களின் அல்பா அலைகள் கலையவில்லை. ஆராயப்பட்டவர்கள் மிகச் சிலரே. எனினும் மனப்பயிற்சியின் வலிமையை இது உணர்த்துகிறது.

மின்னல்களால் பூமியைச் சுற்றி எழும் அலை செக்கனுக்கு ஏறத்தாழ 7.83 முறை அதிர்கிறது. இதை 1952இல் சூமான் என்னும் அறிஞர் கணித்துக் கூறினார். அதுவே மூளையின் அலையை இயக்குகிறது என்று சிலர் கூறுவர். எண்கள் நெருங்கியிருப்பது உண்மை. ஆனால் ஒன்று மற்றொன்றை இயக்குகிறது என்பது நிரூபிக்கப்படவில்லை.

உறக்கத்தைக் காப்போம்

அன்று பெரட்டுத் தப்பு ஒலிக்கும் முன்னே லயங்கள் விழித்தன. இருட்டியதும் விரைவில் அடங்கின. இன்று நள்ளிரவிலும் பிள்ளைகளின் முகத்தில் கையடக்கத் தொலைபேசியின் வெளிச்சம் விழுகிறது. உறக்கத்துக்குரிய மெலடோனின் சுரப்பதை அவ்வெளிச்சம் தாமதப்படுத்துகிறது. பகலில் படித்ததை மூளை பதிய வைப்பது உறக்கத்தில்தான். ஆகவே, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு 8 மணி நேர உறக்கமும் படிப்பின் ஒரு பகுதியே.

கொழுந்து பறிக்கும் தாயின் நிலை இன்னும் கடினம். இரவு 11 மணிக்குப் படுத்து அதிகாலை 4.30க்கு எழுந்தால் அவளுக்குக் கிடைப்பது ஐந்தரை மணி நேரமே. வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும். மாலையில் தண்ணீர் எடுப்பதையும் பாத்திரம் கழுவுவதையும் கணவரும் பிள்ளைகளும் பகிர்ந்துகொண்டால் அவள் இரவு 9.30க்கே படுக்கலாம்.

பரீட்சைக் காலத்தில் ஆலய ஒலிபெருக்கியையும் இரவில் நேரத்தோடு நிறுத்துவது நல்லது. அம்மன் சந்நிதியில் கண்மூடி நிற்கும் ஐந்து நிமிடம் மனத்துக்கு அமைதி. வீட்டில் அனைவரும் நிம்மதியாக உறங்கும் இரவும் அவள் அருளே.