வண்டி ஷெட்டில் நின்றால் தவணை நிற்குமா?



கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடும் நம் உறுப்பினர் ஒருவர், கடன் வாங்கி புது லோடு ஆட்டோ எடுத்தார். அவரும் வீட்டுக்காரரும் அம்பாசமுத்திரம் கடைகளுக்கு சரக்குப் போட்டு வந்தார்கள். நாலே மாதத்தில் ஆற்றுப் பாலத்தில் வண்டி நின்றுபோச்சு. "வாரண்டி இருக்கு, விட்டுட்டுப் போங்க" என்றார்கள். அப்புறம் "பார்ட்ஸ் வரல, நாளைக்கு வாங்க" என்றே ஒரு மாதம் ஓடியது. தவணை மட்டும் நிற்கவில்லை.

நாங்கள் கூடப் போய்க் கேட்டோம். வண்டி விட்டதற்கு அவர் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை! ஜாப் கார்டு போட வைத்து, பதிவுத் தபாலில் கடிதமும் அனுப்பினோம். பத்தாம் நாள் வண்டி வந்தது. ஆனால் போன மாத நஷ்டத்தைக் கேட்க எழுத்து ஆதாரம் இல்லை.

நாம் கற்றுக்கொள்ள வேண்டியது:

1. வண்டியை விடும்போதே ஜாப் கார்டு வாங்குங்கள். தேதி, கிலோமீட்டர், பழுது, திருப்பித் தரும் நாள் அதில் இருக்கட்டும்.

2. அதே பழுது திரும்ப வந்தால் திரும்பவும் சீட்டு வாங்குங்கள்.

3. தாமதமானால் ஷோரூமுக்கும் கம்பெனிக்கும் கடிதம் எழுதி, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

4. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

5. அதிலும் தீராவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. 2 வருடத்துக்குள் போக வேண்டும்.

"தொழிலுக்கு வாங்கின வண்டி, நீங்க நுகர்வோர் இல்ல" என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்ய வாங்கியவரும் நுகர்வோர்தான் என்கிறது 2019 சட்டம்.

குழுவில் பேசுவோம்: நம் கிரைண்டர், தையல் மிஷின் வாரண்டி அட்டைகள் இப்போது எங்கே இருக்கின்றன?