விரல் நுனியில் மை

2018ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் நம் நாட்டின் பதினான்காவது பொதுத்தேர்தல் நடந்தேறியது. 1957இல் விடுதலை பெற்றபின் கூட்டரசில் ஆட்சி மாறியது அதுவே முதன்முறை. மறுநாள் இரவே, நம் கெடாவின் லங்காவித் தொகுதியில் வென்ற டாக்டர் மகாதீர், 92ஆம் வயதில் மாமன்னர்முன் பிரதமராகப் பதவியேற்றார்.

வென்றவர் நல்லவரா என்பது பெரியோர் வழக்கு. அதை அவர்களுக்கே விட்டுவிடுவோம். 1969ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப்பின் மூண்ட கலவரத்தை மறவாத முதியோர் அன்றிரவு அஞ்சி விழித்திருந்தனர். கலவரம் ஏதும் நிகழவில்லை. தோற்றவர் விலகினார், வென்றவர் அமர்ந்தார். "இது என் நாடு" என்று சொல்லத் தயங்கியவரும் இடக்கைச் சுட்டுவிரலின் மையைப் பெருமையுடன் காட்டினர்.

அந்த மை எளிதில் வந்ததன்று. 1955ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்காளருள் இந்தியர் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. பால்மரம் வெட்டிய நம் முன்னோர் பெரும்பாலோர்க்குக் குடியுரிமையே கிடையாது. சிவப்பு அடையாள அட்டையுடனேயே முதுமை எய்திய பாட்டிமார் இன்றும் நம்மிடையே உளர், அவர்களுக்கு வாக்கில்லை.

2022ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் முதல் குடிமக்கள் 18 வயதிலேயே வாக்களிக்கின்றனர். பெயரும் தானாகவே பட்டியலில் சேர்கிறது. ஆயினும் பத்திரமில்லாப் பிள்ளையை எந்தப் பட்டியல் அறியும்? பெற்றோரே, பிறப்பைப் பதியத் தாமதியாதீர். ஆறாம் ஆண்டு மாணவர்களே, 12 வயது நிரம்பியதும் பெற்றோருடன் பதிவிலாகா சென்று அடையாள அட்டை பெற்றுக்கொள்க.